கடைக்காரர் வைத்த வெள்ளை

2019ம் ஆண்டு ஏப்ரல் 28. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கும் மேல் ஒரே நாடகத்தைப் பார்த்தார்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ். கடைசி சீசனின் மூன்றாவது எபிசோட். 2011ல் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பில்டப் கொடுத்து வைத்திருந்த மகா யுத்தம் அன்றைக்குத்தான். இந்த ஒரு சண்டைக்காக மட்டும் 55 ராத்திரிகள் ஷூட்டிங் நடத்தியிருந்தார்கள்.

யுத்தம் ஆரம்பித்தது. பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கதை புரியாததைச் சொல்லவில்லை. நிஜமாகவே கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்புப் பின்னணியில் கறுப்பு உருவங்கள். யார் யாரை வெட்டுகிறார்கள்? ஓடுவது குதிரையா, பிணமா? எழுந்து போய் ஹால் விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார்கள். ரிமோட்டை எடுத்துக் கண்டபடி அமுக்கினார்கள். ம்ஹும். பொழுது விடிந்ததும் ஒரே ரகளை.

ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரைப் பிடித்துக் கேட்டார்கள். மனிதர் அசரவில்லை. நான் எடுத்ததில் கோளாறில்லை, எனக்குத் தெரியும். ஒளிபரப்புக்காகப் படத்தை அமுக்கிச் சுருக்கி அனுப்பியதில் கொஞ்சம் கெட்டிருக்கலாம். மற்றபடி, நிறையப் பேருக்குத் தங்கள் வீட்டு டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

கோபம் வருமா, வராதா? காசு கொடுத்து டிவி வாங்கி, மாசாமாசம் காசு கொடுத்து சேனலும் வாங்கிப் பார்க்கிறவனிடம், உனக்கு டிவி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால் சும்மா இருப்பானா? வறுத்தெடுத்துவிட்டார்கள்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியில்தான் சிக்கல். டிவியைத் தப்பாக வைத்தது பார்வையாளர் அல்ல. அவர் தொடவே இல்லை. டப்பாவைப் பிரித்து, சுவரில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். அவ்வளவுதான். தப்பாக வைத்தது வேறு ஆள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. கையில் மீட்டர், லேப்டாப் சகிதம் ஒருவர் வீட்டுக்கு வருவார். உங்கள் டிவி முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அளந்து, திருத்தி, சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு போவார். கேலிபரேஷன் என்று பெயர். நம்மூர்க் கடைகளில் தராசைச் சோதித்து முத்திரை வைக்க அதிகாரிகள் வருவார்கள் இல்லையா? கிட்டத்தட்ட அது. புதுசாக வாங்கிய டிவிக்கு எதற்கு முத்திரை? தண்டச் செலவா, தேவையான செலவா?

தராசு என்று ஒன்று இருந்தால் எடைக்கல் என்று ஒன்று இருக்கவேண்டும். அது எங்கே இருக்கிறது? அங்கிருந்து ஆரம்பிப்போம்.

1920களின் பிற்பகுதி. இங்கிலாந்தில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் சாராமல், ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். லண்டன் இம்பீரியல் காலேஜில் டேவிட் ரைட். டெடிங்டனில் இருக்கும் நேஷனல் ஃபிசிகல் லேபரட்டரியில் ஜான் கில்ட். மனிதக் கண் வண்ணத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை எண்ணாக எழுதிவிட முடியுமா என்பதுதான் இரண்டு பேரின் கேள்வியும். ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். குட்டி வட்டம் ஒன்று. அதில் ஒரு பாதியில் ஒரு வண்ண ஒளி. மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டிக் குறைத்து அதே வண்ணத்தைக் கொண்டுவரவேண்டும். இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரிந்த நிமிஷத்தில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வண்ணம்.

ரைட்டிடம் உட்கார்ந்தது பத்துப் பேர். கில்டிடம் ஏழு பேர். மொத்தம் பதினேழு ஜோடிக் கண்கள்.

இந்தப் பதினேழு பேர் சொன்னதை வைத்துத்தான் 1931ல் சி.ஐ.இ. என்கிற சர்வதேச அமைப்பு உலகத்துக்கான வண்ணக் கணக்கை எழுதியது. உங்கள் வீட்டுப் புது டிவியில் சிவப்பு எங்கே இருக்கவேண்டும், பச்சை எங்கே இருக்கவேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. பின்னால் 1960களில் வெள்ளைக்கும் ஓர் இலக்கணம் வைத்தார்கள். டி65 என்று பெயர். ஏறத்தாழ 6500 கெல்வின். சுலபமாகச் சொன்னால், பகல் வெளிச்சத்தின் வெள்ளை.

ஆக, எடைக்கல் இருந்தது. ஒழுங்காகத்தான் செய்து வைத்திருந்தார்கள். தராசைச் செய்தவர்கள்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அமெரிக்காவில் கலர் டிவி பிறந்ததே ஒரு குடுமிப்பிடிச் சண்டையில். சி.பி.எஸ். கம்பெனி ஒரு முறையைக் கொண்டுவந்தது. 1950 அக்டோபரில் அரசாங்கத்தின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. ஏற்கெனவே மக்கள் வீட்டில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி எதிலும் அந்த ஒளிபரப்பு தெரியாது. எதிராளி ஆர்.சி.ஏ. கம்பெனியின் டேவிட் சார்னாஃப் சும்மா விடுவாரா? கோர்ட்டுக்குப் போனார். சுப்ரீம் கோர்ட்வரை போய்த் தோற்றார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தன் ஆட்களைத் தூங்கவிடவில்லை. அவரது முறை ஆரம்பத்தில் படுமோசம். 1949ல் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியபோது வண்ணங்கள் தாறுமாறாகிவிட்டன. குரங்கு பச்சை, வாழைப்பழம் நீலம் என்று பின்னாளில் சார்னாஃபே அதைச் சொல்லிச் சிரித்ததாகச் சொல்வார்கள்.

1951 ஜூனில் ஒளிபரப்பை ஆரம்பித்த சி.பி.எஸ்., அக்டோபரிலேயே மூட்டை கட்டியது. 1953 டிசம்பர் 17ல் என்.டி.எஸ்.சி. என்ற புது முறைக்கு அரசாங்கம் தலையாட்டியது. அடிப்படை, ஆர்.சி.ஏ.வுடையது. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் தெரியும், புதுக் கலர் பெட்டியிலும் தெரியும். மறு வருஷம் ஆர்.சி.ஏ. விற்க வந்த பெட்டியின் விலை ஆயிரம் டாலர். அந்தக் காலத்தில் ஒரு சுமாரான புதுக் காரின் விலையில் பாதிக்கும் மேல்.

ஆனால் அந்த முறைக்குள் ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது. எந்த வண்ணம் என்கிற தகவலை, அலை எந்த நேரத்தில் எழுந்து விழுகிறது என்பதில் பொதிந்து அனுப்பினார்கள். வழியில் கட்டடத்தில் மோதியோ, கம்பியில் புகுந்தோ அந்த நேரம் ஒரு துளி பிசகினால் போச்சு. செய்தி வாசிக்கிறவர் முகம் பச்சையாகிவிடும். சேனல் மாற்றினால் ஊதாவாகிவிடும். இதற்கு மருந்தாகப் பெட்டியிலேயே 'டின்ட்' என்று ஒரு திருகு வைத்தார்கள். பார்க்கிறவர் எழுந்து போய்த் திருகி, முகத்தை முகமாக்கிக்கொள்ளவேண்டும். என்.டி.எஸ்.சி. என்பதற்கு 'நெவர் ட்வைஸ் த சேம் கலர்' என்று இன்ஜினியர்களே விரிவாக்கம் கொடுத்தார்கள். ஒருதரம் வந்த வண்ணம் மறுதரம் வராது.

ஜெர்மனியில் டெலிஃபங்கன் கம்பெனியின் வால்டர் ப்ரூஷ் என்கிற இன்ஜினியர் இந்த வியாதிக்கு 1960களின் ஆரம்பத்தில் மருந்து கண்டுபிடித்தார். ஒரு வரி விட்டு ஒரு வரி, வண்ண அலையைத் தலைகீழாக்கி அனுப்பு. ஒரு வரியில் வருகிற பிழையை அடுத்த வரியின் பிழை அடித்துவிடும். பால் என்று பெயர். குடிக்கிற பால் இல்லை. உங்கள் பெயரையே வைத்திருக்கலாமே என்று அவரிடம் கேட்டதற்கு, உடைசல் என்று அர்த்தம் வருகிற பெயரில் யார் டிவி வாங்குவார்கள் என்றாராம். ஜெர்மன் பாஷையில் ப்ரூஷ் என்றால் அதுதான். 1982ல் இந்தியாவுக்குக் கலர் வந்தபோது நாமும் இந்தப் பாலைத்தான் எடுத்துக்கொண்டோம். இதில் டின்ட் திருகுக்கு வேலையே கிடையாது.

அமெரிக்கர்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று தலைமுறை ஜனம், வண்ணம் என்றாலே பார்க்கிறவர் இஷ்டம்தான் என்று நம்பி வளர்ந்தது. கம்பெனிகளுக்கு இது ரொம்பச் சௌகரியமாகப் போய்விட்டது.

ஒரு டிவி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இருபது பெட்டிகள். தலைக்கு மேல் ட்யூப்லைட் வெளிச்சம். வாங்க வந்தவர் ஒரு பெட்டியின் முன்னால் நிற்பது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் கண்ணை இழுப்பது எது? பளிச்சென்று இருப்பது. அவ்வளவுதான் வியாபாரம்.

பளிச்சென்று ஆக்குவது எப்படி? நம் வீட்டு அம்மாக்களுக்குத் தெரிந்த வித்தைதான். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது. லேசாக நீலம் ஏறினால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். 6500 இருக்கவேண்டிய இடத்தில் 9300 கெல்வினுக்கு ஏற்றிவிட்டார்கள். ஜப்பானில் அதுவே அதிகாரபூர்வமான வெள்ளை. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. அந்தக் காலத்துப் படக்குழாயில் சிவப்புதான் சோனி. நீலத்தைத் தூக்கிக் காட்டினால் சிவப்பைச் சிரமப்படுத்தாமலே மொத்தப் பிரகாசம் கூடும்.

ஆனால் வெள்ளையில் நீலம் ஏறினால் முகத்திலும் ஏறுமே? நாயகி செத்துப்போன மாதிரி தெரிவாளே? அதற்கும் ஒரு கைவைத்தியம். வண்ணங்களைப் பிரிக்கிற சர்க்யூட்டில் சிவப்பை மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டார்கள். முகம் பிழைத்தது. ரோஜாவும் ரத்தமும் தக்காளியும் கண்ணைக் குத்தின. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்.

பொய் அத்தோடு நிற்கவில்லை. 1953ல் என்.டி.எஸ்.சி. சொன்ன ஆழமான பச்சையையே கைகழுவிவிட்டு, அதைவிடப் பிரகாசமான, ஆனால் வெளிறிப்போன பச்சைப் பாஸ்பருக்குப் போனார்கள். விளிம்புகளில் கோடு போட்டுக் கூர்மை என்றார்கள். தராசுத் தட்டின்மேல் கடைக்காரர் கை வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடைக்கல் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஸ்டூடியோக்காரர்கள் இதற்குள் தங்கள் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் பட்டை பட்டையாக வண்ணம் தெரியுமே, அது அழகுக்கு வைத்தது அல்ல. அமெரிக்காவில் பிரபலமான அந்தப் பட்டைகள் 1970களில் சி.பி.எஸ். இன்ஜினியர்கள் கை வண்ணம். நீலக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் குறிப்பிட்ட பட்டைகள் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் தெரியும்வரை திருகு. இன்னொன்று, பி.பி.சி. கொடுத்த 'ப்ளூஜ்'. கறுப்பைவிட ஒரு நூல் கறுப்பாக ஒரு கோடு, ஒரு நூல் வெளுப்பாக ஒரு கோடு. முன்னது மறையவேண்டும். பின்னது மங்கலாகத் தெரியவேண்டும். அந்த இடத்தில் பிரைட்னஸை நிறுத்து. 2019ல் அந்த ராத்திரி யுத்தம் பாதிப் பேருக்குக் காணாமல் போனது இந்த ஒரு நூல் இடைவெளிக்குள்தான்.

வேடிக்கை என்னவென்றால், பிரைட்னஸ் என்று பெயர் வைத்த திருகு கறுப்பைத்தான் மாற்றும். வெள்ளையை மாற்றுவது கான்ட்ராஸ்ட். பெயரை நம்பித் திருகினவர்கள் எல்லோரும் கெட்டார்கள்.

ஸ்டூடியோவுக்குள் இருந்த இந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோ கேன். ஸ்டூடியோ மானிட்டர்களுக்கு விதி எழுதுகிற குழுவில் இருந்தவர். 1989ல் 'ஏ வீடியோ ஸ்டாண்டர்ட்' என்று ஒரு லேசர் டிஸ்க் போட்டார். பாட்டில்லை, சண்டையில்லை. முழுக்கப் பரீட்சைக் கோடுகளும் கட்டங்களும். அடுத்து 1990களின் மத்தியில் 'வீடியோ எசென்ஷியல்ஸ்'. இதற்குள் 1994ல் ஜோயல் சில்வர் என்பவர் இமேஜிங் சயின்ஸ் ஃபவுண்டேஷனை ஆரம்பித்து, கேலிபரேஷன் செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு தொழில் பிறந்துவிட்டது.

அன்றைக்கு அந்தத் தொழிலுக்கு நியாயமான தேவை இருந்தது. மூன்று குழாய் வைத்த ப்ரொஜெக்ஷன் டிவி பல ஆயிரம் டாலர். மூன்று படமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரவேண்டும். நகர்த்தி வைத்தால் கலையும், நாள்பட்டால் கலையும். வெள்ளையைத் திருத்துகிற இடமோ, கம்பெனி மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்த ரகசிய மெனுவுக்குள் இருந்தது. வீட்டுக்காரர் நினைத்தாலும் கை வைக்க முடியாது. வந்தவர் மீட்டரைத் திரையில் வைப்பார். கறுப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் நிறத்தின் ஒவ்வொரு படியையும் அளப்பார். எந்தப் படியிலும் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கக்கூடாது. பிறகு வண்ணங்கள். இருக்கவேண்டிய இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் உள்ள தூரத்தை 'டெல்டா ஈ' என்று கணக்கிடுவார்கள். அந்த ஈ, உணர்வு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. மூன்றுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தத் தொழிலின் லட்சிய எண் அது.

2000களில் பெஸ்ட் பை மாதிரி பெரிய சங்கிலிக் கடைகளே இந்தச் சேவையை விற்க ஆரம்பித்தன. கவனியுங்கள். டிவியைக் கண் கூசுகிற மாதிரி வைத்து விற்கிறதும் கடை. அதைச் சரிபண்ண ஆள் அனுப்புகிறதும் கடை. காமர்ஸ் படித்தவனாகச் சொல்கிறேன், வியாதியையும் மருந்தையும் ஒரே பில்லில் போடுகிற பிசினஸ் மாடலுக்கு ஈடு இணை கிடையாது.

அப்புறம்தான் திருப்பம். புது டிவிக்கள் படத்துக்கு நடுவே தாமாகவே படங்களைச் செருகி, அசைவை வழுவழுப்பாக்க ஆரம்பித்தன. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த சினிமா, வீட்டு டிவியில் மத்தியான சீரியல் மாதிரி தெரிந்தது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸ், டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீடியோ வெளியிட்டார். ஐயா, உங்கள் டிவியில் இந்தச் சனியனை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று ஒரு வேண்டுகோள். 2019 ஆகஸ்டில் கம்பெனிகள் இறங்கி வந்தன. ஸ்கார்சேஸி, நோலன் போன்ற டைரக்டர்களின் ஆதரவோடு 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. ஒரு பட்டன். அமுக்கினால் செருகல் படம் போகும், போலிக் கூர்மை போகும், வெள்ளை டி65க்கு வரும். 2020லிருந்து அது டிவிக்களில் வர ஆரம்பித்தது. இல்லாத மாடல்களில் சினிமா, மூவி என்று அதன் அண்ணன் தம்பி யாராவது இருப்பார்கள்.

அதாவது, ஒரு காலத்தில் ரகசிய மெனுவுக்குள் பூட்டி வைத்திருந்த உண்மை, இப்போது ரிமோட்டில் இருக்கிறது. 2021ல் ஆப்பிள், தன் டிவி பெட்டியின் வண்ணத்தை ஐஃபோனைத் திரைக்கு முன்னால் பிடித்தே திருத்திக்கொள்கிற வசதியைக்கூடக் கொடுத்துவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். கட்டணம் சில நூறு டாலர். டிவியின் விலை நாலு நூறு டாலர் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்தக் காசைச் சேர்த்து இன்னும் நல்ல டிவியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மோசமான திரையில் கறுப்பு கறுப்பாக வராது. எந்த மீட்டரும் அதைக் கொண்டுவர முடியாது. நடுத்தர டிவி என்றால், மோடை மாற்றி, அசைவு வழுவழுப்பை அணைத்து, ஷார்ப்னஸைக் கிட்டத்தட்டக் கீழே இறக்கினாலே பெரும்பாலான கோளாறு சரியாகிவிடும். மிச்சம் இருப்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு யாருக்குத்தான் வேண்டும்? பல ஆயிரம் டாலர் டிவியையோ ப்ரொஜெக்டரையோ வாங்கி, இருட்டறையில் வைத்து, சினிமாவை மட்டும் பார்க்கிறவருக்கு வேண்டும். ஒரே மாடலில் இரண்டு டிவி எடுத்தாலும் இரண்டின் வெள்ளையும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தக் கடைசி வித்தியாசத்தை அளந்து திருத்த மீட்டரும் பழகிய ஆளும் வேண்டும். இன்னொருத்தர் அவர் டிவிக்கு வைத்த எண்களைக் காப்பியடித்தால் சரியாகாது. அது அவர் தராசு. வீட்டில் உட்கார்ந்து எடிட்டிங், கலர் வேலை செய்து பிழைக்கிறவருக்கு இது செலவே இல்லை, முதலீடு.

அப்படியே கூப்பிடுவதென்றாலும் டப்பா பிரித்த அன்றைக்கே கூப்பிடாதீர்கள். புதுத் திரை ஒரு நூறு மணி நேரமாவது ஓடி நிலைக்கட்டும் என்று தொழில்காரர்களே சொல்வார்கள். சாதாரணப் படத்துக்கு ஒன்று, ஹெச்.டி.ஆர். படத்துக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திருத்துவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் அளந்தது, பின்னால் அளந்தது இரண்டையும் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மோடை மாற்றிய முதல் நாள் படம் மஞ்சளாக, மங்கலாக, அழுது வடிகிற மாதிரி தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். அது கண்ணின் குணம். குண்டு பல்பு வெளிச்சத்தில் காகிதத்தை வெள்ளை என்று சொல்கிற அதே கண், கடைக்காரர் வைத்த நீலத்தையும் இத்தனை நாள் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தது. ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய மோடுக்குப் போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும்.

முத்திரை வைக்கிறவரைக் கூப்பிடுவதா, வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம். முதலில் தட்டின்மேல் கடைக்காரர் வைத்துவிட்டுப் போன கையை எடுத்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.